தாய்லாந்துக் கடற்கரையில் திருமணம்: காலைச் சடங்கு முதல் மாலை விருந்து வரை

தாய்லாந்து முறைச் சடங்கைக் காலையிலும், நவீனமான ஒரு கடற்கரை விருந்தை மாலையிலும், ஒரே நாளில் நடத்த நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. மணமக்களில் ஒருவராவது தாய்லாந்துக்காரராக இருக்கும் குடும்பத்தை மனதில் வைத்து, புக்கெட் தீவின் மேற்குக் கரையை உதாரணமாகக் கொண்டு எழுதுகிறேன். கிராபி, காவ் லாக், சமுய் என்று இடம் மாறினால் எதெல்லாம் மாறும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் அலங்காரப் படங்களில் தொடங்கி, ஹோட்டலுக்குப் போய், பிறகு தேதியைத் தேடி, கடைசியில்தான் காலையில் ஆசி வழங்க வரும் புத்த பிக்குகளை நினைக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அந்த நாளில் யார் சொன்னாலும் நகராதவை இரண்டு: பிக்குகள் நண்பகலுக்கு முன்பே உண்டு முடித்தாக வேண்டும், சூரியனும் கடலின் ஏற்ற வற்றமும் தம் நேரத்துக்குத்தான் வரும். இவ்விரண்டையும் முதலில் குறித்துக்கொண்டால் மற்றதெல்லாம் நடுவில் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

## 1. சட்டப் பதிவைச் சடங்கிலிருந்து பிரித்துவிடுங்கள்

தாய்லாந்தில் பிக்குகள் யாருக்கும் திருமணம் செய்துவைப்பதில்லை. அவர்கள் வந்து ஓதி ஆசி வழங்குவார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் மணமக்கள் கையில் சங்கால் நீர் வார்ப்பதாலும் சட்டப்படி கணவன் மனைவி ஆகிவிட முடியாது. 'அம்ப்பே' எனப்படும் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்தால் மட்டுமே திருமணம் செல்லும்.

வெளிநாட்டவர் ஒருவர் இருந்தால் வேலை இந்த வரிசையில் போகும். முதலில், திருமணம் செய்ய சட்டத் தடை எதுவும் இல்லை என்பதற்கான சான்றை அவருடைய நாட்டுத் தூதரகத்தில் வாங்க வேண்டும். அடுத்து அதைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் முத்திரை பெற வேண்டும். அதன் பிறகுதான் வட்டார அலுவலகம். அங்கே சாட்சிகள் இருவர் வேண்டும், மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வேண்டும். 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவரும் இதே முறையில் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்தப் படியைத் திருமண வாரத்துக்குள் திணிக்காதீர்கள். ஒரு பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டிலிருந்து மாறியிருந்தாலும் மொழிபெயர்ப்பு திரும்பி வரும். தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பெழுத்து ஒரு ஆவணத்தில் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருக்கும். எல்லாத் தாள்களும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். சொந்த நாட்டிலேயே பதிவை முடித்துவிட்டு, தாய்லாந்தில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்பவர்களும் நிறையப் பேர். மணமக்கள் இருவருமே வெளிநாட்டவர் என்றால் அதுதான் சுலபம்.

## 2. கரையையும் மாதத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

தாய்லாந்துக்கு இரண்டு கடல், இரண்டு மழைக்காலம். புக்கெட், கிராபி, காவ் லாக் மூன்றும் அந்தமான் கடல் பக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை; அலை உயரும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. சமுய் இருப்பது தாய்லாந்து வளைகுடாப் பக்கம். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை, அதிலும் நவம்பர் மிக மோசம். புக்கெட்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, சமுய்க்கு நவம்பரில் தேதி குறிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அப்புறம் திசை. சூரியன் கடலுக்குள் இறங்கும்போது மாலை மாற்ற வேண்டும் என்ற ஆசை இருந்தால், கரை மேற்கு நோக்கி இருக்க வேண்டும். புக்கெட்டின் பாங் தாவ், சுரின், கமலா, கட்டா எல்லாம் மேற்கு பார்த்தவை. சமுய் தீவின் சவெங், லமாய் கடற்கரைகள் கிழக்கு பார்த்தவை. ஹுவா ஹின் ஊரின் கரையும் அப்படித்தான். அங்கே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவே மறையும். கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. அந்திப் பொழுதை நம்பி நிகழ்ச்சி வகுக்காமல், விடியற்காலைப் படங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, சீனப் புத்தாண்டு, ஏப்ரல் 13 முதல் 15 வரை வரும் சொங்க்ரான் ஆகிய நாட்களில் அறை வாடகை எகிறும். ஆட்களும் கிடைக்க மாட்டார்கள்.

## 3. நல்ல நேரத்தை ஹோட்டலுக்கு முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்

தாய்லாந்துக் குடும்பங்கள் 'ரெர்க்' எனப்படும் நல்ல நேரத்தை விகாரையில் உள்ள மூத்த பிக்குவிடமோ ஜோதிடரிடமோ கேட்பார்கள். நமக்கு முகூர்த்தம் எவ்வளவு முக்கியமோ அவர்களுக்கு இது அவ்வளவு முக்கியம். நாளை மட்டும் குறித்துக் கொடுத்துவிடுவதில்லை; ஊர்வலம் புறப்பட ஒரு நேரம், மோதிரத்துக்கு ஒன்று, நீர் வார்க்க ஒன்று என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். 9:09, 9:39, 10:09 என்று 9 வரும் நேரங்களை அதிகம் விரும்புவார்கள்.

புதன்கிழமையைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். சந்திர நாட்காட்டியில் இரட்டைப்படை மாதங்களை விரும்புவார்கள். பிக்குகள் விகாரையிலேயே தங்கும் மழைக்கால நோன்பு மாதங்கள் மூன்றிலும், அதாவது ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை, பெரியவர்கள் திருமணம் வைக்கத் தயங்குவார்கள். புக்கெட்டுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, அந்த மாதங்களில் அங்கே மழைதானே. ஆனால் சமுயில் நல்ல வெயில் அடிக்கும் ஜூலையும் ஆகஸ்டும் இந்த நோன்புக்குள் வருகின்றன. ஹோட்டல் தள்ளுபடி தருகிறது என்று ஆகஸ்டில் தேதியைப் பிடித்துவிட்டு, பிறகு பாட்டியின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம்.

குடும்பத்திடமிருந்து ஒற்றைத் தேதியாக வாங்காமல் மூன்று தேதிகளாக வாங்குங்கள். அந்த மூன்றையும் கடல் அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகுதான் முடிவு.

## 4. கடலின் ஏற்ற வற்றத்தைப் பாருங்கள்

புதியவர்கள் மொத்தமாக மறந்துவிடும் படி இது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்தமான் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். காலையில் பார்த்த அகலமான மணல் மாலையில் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். அல்லது நேர்மாறாக, கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் சேறும் தெரியலாம். கிராபியில் ரைலே கிழக்குக் கரை வற்றத்தின்போது வெறும் சேற்றுப் பரப்பு. வளைகுடாப் பக்கம் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு.

தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகிறது. உங்கள் மூன்று தேதிகளிலும் மாலை 4 மணி முதல் 8 மணி வரை கடல் எங்கே இருக்கும் என்று அதில் பாருங்கள். கடல் வற்றியிருந்து மெல்ல ஏறிவருவது பரவாயில்லை, நாற்காலி வரிசையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். சடங்கு நேரத்தில் உச்ச ஏற்றம் என்றால் அந்தத் தேதியை விடுங்கள், அல்லது மேடையைப் புல்வெளிக்கு ஏற்றுங்கள்.

சூரியன் மறையும் நேரத்தையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். புக்கெட்டில் நவம்பரில் 6 மணி தாண்டியதுமே மறைந்துவிடும். பிப்ரவரியில் 6:40 ஆகும். மறைந்த பிறகு வெளிச்சம் இருபது நிமிடம் நின்றாலே பெரிது.

## 5. இடத்தைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை

தாய்லாந்தில் கடற்கரை பொதுச் சொத்து. ஹோட்டல் வாசலில் இருக்கிறது என்பதற்காக மணல் ஹோட்டலுக்குச் சொந்தமாகிவிடாது. 2014-இல் புக்கெட் கடற்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றியதிலிருந்து அங்கே கெடுபிடி அதிகம். நாற்காலி, வளைவு, ஒலிபெருக்கி எது வைப்பதானாலும் உள்ளூர் நகராட்சியின் அனுமதி வேண்டும். நை யாங், நை தோன் போன்ற கரைகள் சிரிநாத் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே பூங்கா அலுவலகத்தையும் கேட்க வேண்டும். 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, அனுமதித் தாளின் நகலைக் கேளுங்கள்.

அடுத்து, கூரையுள்ள இடம். காலைச் சடங்குக்குக் கூரையும் காற்று மறைப்பும் கட்டாயம். விசிறியோ ஏசியோ இருந்தால் நல்லது. நூலும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் வைத்துச் செய்யும் சடங்கைக் கடற்காற்றில் செய்ய முடியாது. மழை வந்தால் மாலை விருந்தும் உள்ளே வர வேண்டியிருக்கும். அந்த மண்டபத்தை அதே நாளில் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள்.

வெளிப்புற இசையை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்வார்கள், வெளி ஆட்களை அழைத்துவரக் கட்டணம் உண்டா, மின்சாரம் மணல் வரை வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து உங்கள் போட்டோகிராபரையோ ஒப்பனைக் கலைஞரையோ கூட்டிவர நினைத்தால், தாய்லாந்தில் வேலை அனுமதி இல்லாமல் அவர்கள் வேலை செய்வது சட்டவிரோதம். உள்ளூர்க் கலைஞர்கள் நன்றாகவே செய்கிறார்கள், அவர்களை வையுங்கள்.

## 6. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு

மணமகன் வீட்டார் சார்பில் பேச ஒரு பெரியவர் வேண்டும். அவரைத் 'தாவ் கே' என்பார்கள். மகிழ்ச்சியாகக் குடும்பம் நடத்தும், ஊரில் மதிப்புள்ள ஒருவராகப் பார்ப்பது வழக்கம். அவருக்குத் தாய்லாந்து மொழி தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊர்வலம் வந்து சேர்ந்ததும் எல்லார் முன்னிலையிலும் முறைப்படி பெண் கேட்பவர் அவர்தான். மணமகன் வெளிநாட்டவர் என்றால் பெண் வீட்டாரின் குடும்ப நண்பர் ஒருவரையே இதற்கு வேண்டிக்கொள்ளலாம்.

'சின் சொட்' என்பது மணமகன் வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குக் கொடுக்கும் பணம். எவ்வளவு, சடங்கு முடிந்ததும் பெற்றோர் வைத்துக்கொள்வார்களா, மணமக்களுக்கே திருப்பித் தருவார்களா என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கேட்பது நாகரிகமில்லை என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டால், மேடையில் அந்த மௌனம் எல்லாருக்கும் கேட்கும். எங்கள் வழக்கத்தில் வரதட்சிணையைத் தப்பாகப் பார்ப்போம் என்று தமிழ்க் குடும்பங்கள் சில தயங்குவதைப் பார்க்கிறேன். இங்கே பணம் போகும் திசை வேறு, பெண்ணை வளர்த்தவர்களுக்கு நன்றி சொல்வதாகவே இதைப் பார்க்கிறார்கள். இரு வீட்டாருக்கும் இதை விளக்க ஒருவர் இருக்க வேண்டும்.

தங்கமும் சேரும். தாய்லாந்தில் தங்கத்தை, நாணயத்தின் பெயரையே கொண்ட 'பாட்' என்ற எடையில் அளப்பார்கள். நகையாக ஒரு பாட் 15.16 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. தரம் 96.5 சதவீதம். ஊரிலிருந்து சுமந்து சுங்கத்தில் பதில் சொல்வதைவிட உள்ளூர் நகைக்கடையில் வாங்குவது நிம்மதி.

புக்கெட்டில் பழைய சீன-மலாய் கலப்பு வழிவந்த பாபா குடும்பங்கள் உண்டு. பெண் அந்தக் குடும்பமென்றால் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்து வணங்கும் சடங்கும் இருக்கும். அதற்கென நேரம் ஒதுக்க வேண்டும்.

## 7. பிக்குகளை அழைத்தல்

குடும்பம் வழக்கமாகப் போகும் விகாரையிலோ, ஹோட்டலுக்கு அருகில் உள்ள விகாரையிலோ நேரில் போய் அழையுங்கள். போனில் அழைப்பது மரியாதை இல்லை. பெரும்பாலும் 9 பேர். சிறிய திருமணமென்றால் 5 பேரும் போதும். வண்டி ஏற்பாடு உங்கள் பொறுப்பு, போவதற்கும் சேர்த்து.

மேடை தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்க வேண்டும். பிக்குகள் வரிசையாக உட்கார, அவர்களுடைய வலக்கைப் பக்கக் கோடியில் புத்தர் சிலை உள்ள மேசை வரும். அதை அடுத்து மூத்த பிக்கு. 'சாய் சின்' என்ற வெண்ணூல் சிலையில் தொடங்கி, எல்லார் கை வழியாகவும் போகும். ஹோட்டல் அலங்காரக்காரர்கள் அழகுக்காகச் சிலையை நடுவில் வைத்துவிடுவார்கள். முதல் நாள் இரவே போய்ப் பாருங்கள்.

பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, கையிலிருந்து நேராக எதையும் கொடுக்கவும் கூடாது. பிக்கு விரிக்கும் துணியின் மேல் வைக்க வேண்டும். நெற்றியில் வெண்சுண்ணப் பொட்டு வைக்கும்போது இந்த விதியை அழகாகக் கடப்பதைப் பார்க்கலாம். மூத்த பிக்கு மணமகனுக்குத் தானே வைப்பார். மணமகளின் முறை வரும்போது மணமகனின் விரலைப் பிடித்து அவன் விரலாலேயே அவளுக்கு மூன்று பொட்டு வைப்பார். இந்தக் காட்சிக்கு போட்டோகிராபர் தயாராக இருக்க வேண்டும், மறுபடி வராது.

காணிக்கைப் பணத்தை உறையில் போட்டு, உதவியாளரிடமோ துணியின் மேலோ சேர்ப்பிக்க வேண்டும். அதே மண்டபத்தின் மூலையில் மாலைக்கான மதுப் புட்டிகள் அடுக்கியிருக்கக் கூடாது.

## 8. உடை

மணமகளின் பாரம்பரிய உடை எட்டு வகை. திருமணத்தில் அதிகம் பார்ப்பது சக்ரி, பொரொம்பிமான் இரண்டும்தான். சக்ரியில் ஒரு தோள் திறந்து, மறுதோளில் 'சபாய்' என்ற துணி விழும். பொரொம்பிமானில் கழுத்தும் கையும் மூடியிருக்கும். பிக்குகள் முன் உட்காரும் நேரத்துக்குப் பொரொம்பிமான்தான் என் தேர்வு. சக்ரி வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு ஒரு துப்பட்டா தயாராக இருக்கட்டும். மணமகனுக்கு நேரு கழுத்து வைத்த வெள்ளைச் சட்டை, பஞ்சகச்சம் போலக் கட்டும் 'சோங் கிரபேன்', முழங்கால் வரை காலுறை.

வாடகைக் கடைகளில் கொசுவம் மடித்துத் தைத்து, ஜிப் வைத்த உடைகள் கிடைக்கின்றன. அதையே எடுங்கள். காலை 5 மணிக்கு, கொசுவம் வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுவது பெரும்பாடு. உட்கார்ந்தும் மண்டியிட்டும் பாருங்கள். நின்றபடி அளவு பார்த்துவிட்டு, வணங்கக் குனியும்போது தையல் விடுபடுவது வாடிக்கை.

சிகை அலங்காரம் செய்பவரிடம், தலையில் நூல் வளையம் வைப்பார்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உச்சியில் கிரீடம் மாதிரி ஏதாவது வைத்துவிட்டால் வளையம் நிற்காது.

## 9. பூவும் பலகாரமும்

பூமாலையை அன்று விடிகாலையில் கட்ட வேண்டும். பனிப்பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டும். மல்லிகை மொட்டு கடற்கரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். அதனால் மாலை நிகழ்ச்சிக்குத் தனிப் பூமாலை வாங்குங்கள், காலையில் போட்டதையே மறுபடி போட வேண்டாம்.

தாய்லாந்து மாலைகளில் எருக்கம்பூ வரும். "என்னம்மா, கல்யாண மாலையில எருக்கம்பூவா?" என்று நம் ஊர்ப் பெரியம்மா மண்டபத்தில் கேட்பதற்கு முன், அது அங்கே காதலுக்கான பூ என்று சொல்லி வைத்துவிடுங்கள். அதேபோல, நாம் அழகென்று நினைக்கும் ஃபிராஞ்சிபானி என்ற ஈழத்தலரியை அவர்கள் வீட்டு முதியவர்கள் விரும்பமாட்டார்கள். பழைய தலைமுறைக்கு அது துக்கத்தின் பூ. ரிசார்ட்டுகளில் எங்கும் வைத்திருப்பார்கள், அதனால் அலங்காரக்காரர் கேட்காமலே சேர்த்துவிடுவார்.

பலகாரத் தட்டுகளில் தோங் யிப், தோங் யொட், ஃபோய் தோங் ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கட்டும். முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரைப் பாகும் சேர்த்துச் செய்யும் பொன்னிற இனிப்புகள் இவை. ஃபோய் தோங் நூல் நூலாக இருக்கும், அதை வெட்டிப் பரிமாறக் கூடாது; நீண்ட வாழ்வுக்காக வைப்பது. முட்டை சாப்பிடாத விருந்தினருக்கு ஒரு தட்டுத் தனியே.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு, 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. மீன் சாறும் இறால் விழுதும் தாய்லாந்துச் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். 'ஜே' என்று கேளுங்கள். அதில் முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் வராது.

## 10. காலை நிகழ்ச்சியின் வரிசை

ஒப்பனை 4 மணிக்கே தொடங்கும். 7 மணிக்குப் பிக்குகள் வருகை, ஓதுதல் அரை மணி முதல் முக்கால் மணி. பிறகு மணமக்கள் ஒரே கரண்டியைச் சேர்ந்து பிடித்து, பிச்சைப் பாத்திரங்களில் சோறு இடுவார்கள். கை யாருடையது மேலே என்று நண்பர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பிக்குகள் உண்டு, நீர் தெளித்து ஆசி சொல்லிப் புறப்பட 8:45 ஆகிவிடும்.

அடுத்தது 'கான் மாக்' ஊர்வலம், குறித்த நேரத்தில். வெற்றிலை பாக்கு, நெல், எள், பயறு, தங்கம், பணம், பழம், பலகாரம் எல்லாம் தட்டுகளில் போகும். இரண்டு வாழைக்கன்றும் இரண்டு கரும்பும் முன்னால். நீண்ட மத்தளம் முழங்க, ஆடிப்பாடி வருவார்கள். இதை மணலில் நடத்தாதீர்கள். கனமான தட்டோடு பட்டுடுத்திய பெரியவர்கள் மணலில் நடக்க முடியாது. ஹோட்டல் முகப்பிலிருந்து தோட்டப் பாதை வழியாக மண்டபம் வரை 150, 200 மீட்டர் போதும்.

வழியில் பெண் வீட்டார் தங்கச் சங்கிலி, வெள்ளிச் சங்கிலி, பூமாலை பிடித்து மறிப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் உறை கொடுத்தால்தான் வழி. மூன்று வாசல் என்று சொல்லியிருப்பார்கள், அங்கே போனால் சித்தப்பா பிள்ளைகள் சேர்ந்து ஏழு வைத்திருப்பார்கள். 20, 50, 100 பாட் நோட்டு போட்ட சிறு உறைகள் தாராளமாக இருக்கட்டும். அதை மணமகன் வைத்திருக்க வேண்டாம், அவருடைய உடையில் பை கிடையாது. மாப்பிள்ளைத் தோழன் ஒருவரிடம் கொடுங்கள்.

உள்ளே வந்ததும் துணி விரித்து, சின் சொட் பணத்தைப் பரப்பி, பெரியவர்கள் மேலே நெல்லும் எள்ளும் பூவும் தூவுவார்கள். பிறகு பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் துணியோடு சுருட்டித் தோளில் போட்டு, கனம் தாங்காதது போல் தள்ளாடி நடப்பார். மண்டபமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு மோதிரம்.

## 11. சங்கு நீர் வார்த்தல்

நாளின் இதயம் இதுதான், அவசரப்படுத்தவே கூடாது.

மணமக்கள் தாழ்வான இருக்கையில் அருகருகே உட்கார்ந்து, கையைக் கூப்பி முன்னே நீட்டுவார்கள். மணமகன் மணமகளின் வலப்பக்கம். கைக்குக் கீழே பூ நிறைந்த கிண்ணம். முதலில் மூத்தவர் ஒருவர் இரட்டை நூல் வளையத்தை இருவர் தலையிலும் வைப்பார். 'மொங்கொன்' என்ற அந்த வளையங்கள் இரண்டையும் இணைக்கும் நூல் நடுவே தொங்கும். அது இருக்கும்வரை இருவரும் தனித்தனியே திரும்பவோ எழவோ முடியாது. தண்ணீர், டிஷ்யூ எல்லாம் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகு வயது வரிசையில் ஒவ்வொருவராக வந்து, சங்கிலிருந்து சிறிது நீரைக் கூப்பிய கையின் மேல் வார்த்து, காதோடு ஓர் ஆசி சொல்லிப் போவார்கள். ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் நூறு பேருக்கு ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது, முழங்கைக்கு அடியில் மெத்தை வையுங்கள். கிண்ணம் நிறைந்து வழிந்து பட்டு நனைவது அடிக்கடி நடக்கும். கிண்ணத்தை மாற்ற ஒருவர், சங்கை நிரப்பிக் கொடுக்க ஒருவர் என்று இரண்டு பேரை நிறுத்துங்கள்.

விருந்தினர் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். போட்டோகிராபர் எதிரே சற்றுச் சாய்வாக நிற்கட்டும். நேர் எதிரே நின்றால் வார்ப்பவரின் முதுகுதான் படமாகும். வெளிநாட்டு விருந்தினர் பலர் தலையிலோ மணிக்கட்டிலோ ஊற்றப் போவார்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒருவர் நின்று, 'விரல் மேல், கொஞ்சமாக' என்று காட்டிக் கொடுத்தால் போதும்.

## 12. நடுவில் உள்ள மூன்று மணி நேரம்

மதிய உணவு முடிந்ததும் மணமக்களை அறைக்கு அனுப்பிவிடுங்கள். 4 மணிக்கு எழுந்தவர்கள் அவர்கள். 1 முதல் 4 வரை எந்த நிகழ்ச்சியும் வேண்டாம், படப்பிடிப்பும் வேண்டாம். உச்சி வெயிலில் எடுக்கும் படமும் நன்றாக வராது. இந்த நேரத்தில்தான் மண்டபம் மாறும், மணலில் நாற்காலி இறங்கும்.

## 13. மாலைக் கடற்கரை

சூரியன் மறைவதற்கு 75 நிமிடம் முன்பாக விருந்தினர் உட்கார்ந்திருக்க வேண்டும். சடங்கு அரை மணிக்கு மேல் போக வேண்டாம். மிச்ச நேரம் குடும்பப் படங்களுக்கும், கடைசிப் பத்து நிமிடம் மணமக்கள் இருவருக்கும் மட்டும்.

நவீனம் என்றால் நிறையச் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் பின்னால் இருக்கும்போது அது எதற்கும் இடம் கொடுக்காது. வெள்ளைத் துணி, மூங்கில் சட்டம், ஆர்க்கிட், வாழையிலையில் மடித்த கூம்புகள் போதும். காலையில் நீர் வார்த்த சங்கையே மேடையோரம் வைத்தால் இரண்டு நிகழ்ச்சியும் ஒன்றாகிவிடும். உயரமான பூச்சாடிகளைக் காற்று தள்ளிவிடும். அடியில் மணல் மூட்டை வைக்காத எதுவும் நிற்காது. சட்டைக் கழுத்தில் மாட்டும் மைக்குக்குக் காற்றுறை போடாவிட்டால் உறுதிமொழி கேட்காது, இரைச்சல்தான் கேட்கும்.

வான விளக்குகள் பறக்கவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். விமான நிலையத்துக்கு அருகே தடை உண்டு, மிச்ச இடங்களிலும் எரிந்த கம்பியும் தாளும் கடலில்தான் விழும். டிரோன் பறக்கவிடுபவர் விமானப் போக்குவரத்து ஆணையத்திலும் தொலைத்தொடர்பு ஆணையத்திலும் பதிவு செய்தவரா என்று கேளுங்கள்.

## 14. விருந்தினருக்கு முன்பே அனுப்ப வேண்டிய குறிப்பு

ஒரே பக்கத்தில் முடியட்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு வரும் வெளிநாட்டவர் எல்லாரும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் போலி. விசா விதியை ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக்குத் தக்கபடி பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளட்டும். இ-சிகரெட் தாய்லாந்தில் தடை, பெட்டியில் வேண்டாம்.

காலை நிகழ்ச்சிக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. கறுப்பு வேண்டாம், அது துக்க நிறம். செருப்பைக் கழற்ற வேண்டும், கால்களைப் பிக்குகள் பக்கம் நீட்டக் கூடாது. மணலுக்குக் குதிகால் செருப்பு ஒத்துவராது.

## 15. இரவும் மறுநாளும்

சில குடும்பங்கள் மணமக்களின் படுக்கையை, நல்லபடி வாழ்ந்த மூத்த தம்பதி ஒருவரைக் கொண்டு விரிப்பார்கள். நெல், எள், பயறு, நீர்ப்பூசணி, அம்மிக்கல் எல்லாம் படுக்கையருகே வரும். அவர்கள் முதலில் படுத்தெழுந்து, ஆசி சொல்லிப் போவார்கள். அறையைச் சுத்தம் செய்பவர்களிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தட்டோடு எடுத்துப் போய்விடுவார்கள்.

மறுநாள் காலை மணலை ஒருமுறை நடந்து பாருங்கள். பிளாஸ்டிக் கட்டு, கம்பி, மெழுகு எதுவும் கிடக்கக் கூடாது, அனுமதி கொடுத்த நகராட்சி அதைப் பார்க்கும். வாடகை உடைகளை உப்புக் காற்று பட்டபடி மடிக்காமல், உதறி, நிழலில் ஆறவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

தாய்லாந்தில் பதிவு செய்திருந்தால், திருமணச் சான்றை மொழிபெயர்த்து வெளியுறவு அமைச்சக முத்திரை வாங்கும் வேலையை ஊர் திரும்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஊரிலிருந்து தபாலில் செய்வது வாரக்கணக்கில் இழுக்கும். விசாவுக்கோ, பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கவோ அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். இரண்டு பிரதிகளாக வாங்கி, ஒன்றைப் பெண் வீட்டில் கொடுத்து வையுங்கள்.